தலைமாட்டில் ஓர் ஆள்

தலைக்கு மேல் தடால் என்று ஒரு சத்தம். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து, சுட்டுத் தோலுரித்து வைத்திருந்த குடைமிளகாய்த் தட்டில் விழுந்தது. அன்றைய மிளகாய் அத்தனையும் வீண்.

மேல்வீட்டுக் காமெனுக்கும் எனக்கும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது, மேடம். செப்டம்பர் மாதம். எங்கள் ஊர் ரூஸேயில் அந்த மாதம் எல்லாப் பால்கனியிலும் மிளகாய் சுடுவார்கள். குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைத்து வைக்க வேண்டும். நான் தனியாள். எனக்கு எத்தனை பாட்டில் வேண்டியிருக்கும்? ஆனாலும் சுடுவேன். சுற்றிலும் புகை எழும்போது நம் பால்கனி மட்டும் சும்மா கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

நீங்கள் என்னிடம் கேட்டது சின்னக் கேள்வி. காமெனின் வீட்டு ஜிம்முக்குச் சாமான்களைத் தேர்ந்தெடுத்தது யார்? நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்டதும் மேலே போனேன். எனக்கு முன்பே ஸ்தான்கா போயிருந்தாள். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். லிஃப்ட் பல்பு முதல் வாசல் அறிவிப்பு வரை அவள் பொறுப்பு. கையில் கரண்டியோடு ஆறாம் மாடிக் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“யாருப்பா அது, வீட்ட இடிக்கிறது? இடிக்கிறதுன்னா சொல்லிட்டு இடி. நாங்க சாமான எடுத்துக்கிட்டுக் கிளம்புறோம்.”

“மன்னிச்சுக்குங்க அத்தை. கை நழுவிடுச்சு” என்றான் உள்ளே நின்ற பையன்.

“கை நழுவுற வயசு எனக்கு. உனக்கு என்ன? ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இங்க ஒரு சத்தம் வரக்கூடாது. வாசல்ல எழுதி ஒட்டியிருக்கேன். படிச்சியா, இல்ல அதுக்கும் கம்ப்யூட்டர் வேணுமா?”

அந்த அமைதி நேரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாக் கட்டடத்திலும் உண்டு. எங்கள் கட்டடத்தில் யாராவது அதை மீறினால், வழக்கமாகப் படியேறிப் போய்ச் சண்டை போட மாட்டார்கள். சுவரோரம் மேல் மாடியிலிருந்து கீழ் மாடி வரை எல்லா வீட்டுக்குள்ளும் ஓடுகிற ஹீட்டர் குழாயில் கரண்டியால் அடிப்பார்கள். ஒரு வீட்டில் அடித்தால் எல்லா வீட்டிலும் கேட்கும். குற்றவாளி வாயை மூடிக்கொள்வான்.

ஸ்தான்கா திட்டிவிட்டுக் கீழே போனாள். நான் போகவில்லை. பையனுக்கு முப்பது வயது இருக்கும். புதிதாகக் குடிவந்தவன், பெயர் காமென். ஏதோ ஜெர்மன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. முதுகு வளைந்துவிட்டது, வயிறு விழுந்துவிட்டது, வீட்டிலேயே ஜிம் வைக்கப்போகிறேன் என்றான். ஒரு நண்பனிடமிருந்து வாங்கி வந்த பழைய பெஞ்சின் ஒரு கால் ஆடியது. தரையில் விரிப்பு கிடையாது. வெறும் தரையில் இரும்பைப் போட்டிருக்கிறான்.

“இப்படி வச்சா வீடும் போகும், முதுகும் போகும்” என்றேன். “மொதல்ல தரைக்கு ரப்பர் போடணும் தம்பி.”

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா மாமா?”

தெரியும். நான் பளு தூக்கும் சங்கத்தில் வேலை பார்த்தவன். தூக்குகிறவனாக இல்லை, ராடில் இரும்பு பிளேட் மாட்டுகிறவனாக. போட்டி நடக்கும்போது மேடையில்தான் நிற்பேன். ஆனால் யார் கண்ணிலும் பட மாட்டேன். தூக்குகிறவன் பெயரைச் சொல்லிக் கைதட்டுவார்கள். மெத்தோதி என்று என் பெயரை யாரும் கத்தியதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பயிற்சி நேரத்தில் பெஞ்சின் தலைமாட்டில் நிற்பதும் என் வேலை. ஒருவன் மல்லாந்து படுத்து, ராடை நெஞ்சுக்கு இறக்கி, மேலே தள்ளுவான். சில நாள் பாதியில் நின்றுவிடும். தள்ளவும் முடியாது, விடவும் முடியாது. அப்போது அவன் கண் மேலே பார்க்கும். என் முகம் அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். அந்த நொடியில் அவனுக்குத் தாய் கிடையாது, பெண்டாட்டி கிடையாது, பயிற்சியாளர் கிடையாது. நான் மட்டும்தான். குனிந்து ராடைப் பிடித்து ஸ்டாண்டில் வைப்பேன். எழுந்து முகம் துடைத்துக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே, அது வேறு எந்த வேலையிலும் கிடைக்காது.

பிறகு சங்கம் மூடப்பட்டது. என் மனைவி ஸ்வெத்தானா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். அந்தக் கிழவி இறந்ததும் இன்னொரு கிழவி. இத்தாலியில் கிழவிகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் தினமும் போன் வந்தது. பிறகு பண்டிகைக்கு வந்தது. பிறகு ஒரு நாள் அவளுடைய எண் மாறியிருந்தது.

சாமான்களுக்கு வருகிறேன்.

காமென் வாங்க வேண்டியவற்றை யோசித்து வைத்திருந்தான். ஓடுகிற மெஷின், ஒரு ஜோடி டம்பெல்ஸ், கயிறு இழுக்கிற மெஷின். மூன்றையும் நான் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லித்தான் வேண்டாம் என்றேன். ஓடுகிற மெஷின் கீழ்வீட்டுக்கு, அதாவது எனக்கு, கூரையில் குதிரை ஓடுவது போலக் கேட்கும். இரண்டு மாதம் ஓடுவார்கள், அப்புறம் அதில் துணி காயப்போடுவார்கள். கயிறு மெஷின் பாதி அறையை அடைத்துக்கொள்ளும். டம்பெல்ஸ் கை களைத்தால் தானாகக் கீழே விழும், தரை உடையும்.

எல்லாம் உண்மை. எந்த அனுபவசாலியும் இதையே சொல்வான். நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து வேறு மாதிரியாகவும் பார்க்கலாம். ஓடுகிறவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டாம். கயிறு இழுக்கிறவனுக்கும் வேண்டாம். டம்பெல்ஸைப் பக்கவாட்டில் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். தலைமாட்டில் ஆள் வேண்டியது ஒரே ஒரு சாமானுக்குத்தான்.

“ராடு, பிளேட்டு, ஒரு நல்ல பெஞ்சு. இது போதும். முழு உடம்புக்கும் இதுவே ஆகும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரி மாமா. இன்டர்நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றான். ஒருத்தன் பந்து மேல உக்காருங்கறான்.”

கடைக்கு இருவரும் சேர்ந்து போனோம். போகிற வழியில் அடுமனையில் நின்று பாலாடைக்கட்டி அடைத்த பனித்சாவும் குடிக்கப் போசாவும் வாங்கிக் கொடுத்தான். ஒருவன் எனக்குக் காலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கடைக்காரன் எங்களை நேராக ஒரு கூண்டு ஸ்டாண்டிடம் கூட்டிப்போனான். நான்கு தூண், நடுவே இரண்டு பக்கமும் நீட்டிய இரும்புக் கைகள். ராடு கைதவறினால் அந்த இரும்புக் கைகள் தாங்கிக்கொள்ளும். படுத்திருப்பவன் மேல் விழாது.

“வீட்டுல தனியா செய்யறவங்களுக்கு இதத்தான் சார் கொடுப்போம். வேற எதையும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.”

“தனியா செய்யறான்னு யாரு சொன்னா?” என்று கேட்டேன்.

காமென் சிரித்தான். என் தோளில் கை போட்டு, கடைக்காரனிடம் சொன்னான்: “எனக்கு ஆள் இருக்கு. அஞ்சாவது மாடியிலயே இருக்காரு.”

அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், மேடம். சூப் கிண்டும்போது சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஆள் இருக்கு. அஞ்சாவது மாடியிலயே இருக்காரு.

கூண்டு வாங்கவில்லை. கூரை தாழ்வு, அறை சின்னது, பிரித்து மாட்டுவது தொல்லை என்று சொன்னேன். சாதாரண ஸ்டாண்டு இரண்டு வாங்கினோம். பெஞ்ச் நல்லது வாங்கினோம். அதில் நான் கஞ்சத்தனம் செய்ய விடவில்லை. ரப்பர் விரிப்பை நானே அளந்து வெட்டிப் போட்டேன். மூலைகூடச் சரியாக உட்கார்ந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பிளேட் கழன்றுவிடாமல் ராடின் இரண்டு முனையிலும் மாட்டுகிற லாக் மட்டும் கடையில் வாங்கவில்லை. சங்கம் மூடியபோது நான் எடுத்து வைத்திருந்த திருகு லாக் ஒரு ஜோடி இருந்தது. கனமானவை, போட்டியில் பயன்பட்டவை. துடைத்து, எண்ணெய் போட்டு, அவனுக்குப் பரிசாகக் கொடுத்தேன். லாக் போட்டு இறுக்காமல் ராடைத் தொடாதே என்று சொன்னேன்.

வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் லாக் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டால் ராடை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். பிளேட்கள் வழுக்கி விழும். தரை உடையும், ஆள் தப்பித்துவிடுவான். ஆனால் பிளேட் விழுந்தால் ஸ்தான்கா கரண்டியோடு வருவாளே. அதனால்தான் இறுக்கச் சொன்னேன். அவனும் ஒவ்வொரு முறையும் இறுக்கினான்.

கடைசியாகப் பெஞ்சை எங்கே வைப்பது. இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கால்பக்கம் ஜன்னலோர ஹீட்டர் குழாய்க்கு அருகில் வரும்படி வைத்தேன். படுத்தபடி காலை நீட்டினால் குதிகால் குழாயில் படும்.

“எப்பவாவது நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சு மாட்டிக்கிட்டா, குதிகாலால குழாயத் தட்டு” என்றேன்.

“போன் இருக்கே மாமா.”

“ராடு நெஞ்சுல கெடக்கறப்ப போன எந்தக் கையால எடுப்ப?”

ஏற்பாட்டைச் சொன்னேன். தட்டினால் நான் கீழேயிருந்து ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டுவேன்; வருகிறேன் என்று பொருள். அதைக் கேட்டபின் நெளியக் கூடாது, ராடை வயிற்றுப் பக்கம் உருட்டிவிட்டு எழப் பார்க்கக் கூடாது, மறுபடி தட்டவும் கூடாது. உதைத்தால் உடம்பு ஆடி ராடு கழுத்துக்கு வரும். மூச்சைப் பிடித்து அசையாமல் கிடந்தால் போதும், மிச்சம் என் வேலை. இதையும் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தான். ஒத்திகையும் பார்த்தோம். அவன் தட்டினான், நான் ஸ்பூனால் பதில் சொல்லிவிட்டுப் படியேறிக் கதவைத் திறந்தேன். படுத்தபடியே சிரித்தான்.

“ஆம்புலன்ஸவிட வேகம் மாமா நீங்க.”

குளிர்காலம் முழுவதும் நன்றாகப் போயிற்று. அவன் வேலை முடிந்ததும் குழாயில் தட்டுவான். நான் ஏறிப்போவேன். அவன் படுப்பான், நான் தலைமாட்டில் நிற்பேன். மார்ச் முதல் நாள் எல்லோரும் வேண்டியவர்களுக்குக் கட்டிவிடுகிற சிவப்பு வெள்ளை நூல் ஒன்று கொண்டுவந்து என் மணிக்கட்டில் கட்டிவிட்டான். “மாமாவுக்கு யாரும் கட்டலயா? அப்ப நான்தான்” என்றான். அது இற்றுப் போகும்வரை நான் கழற்றவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. அவன் பாதியில் நிற்கும்போது நான் உடனே பிடிக்காமல் சற்றுத் தாமதிக்க ஆரம்பித்தேன். சதை வளர அது நல்லது. முதலில் ஒரு மூச்சு நேரம். பிறகு இன்னும் கொஞ்சம். அவன் கை நடுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் என்னைத் தேடும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் பிடிப்பேன். எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நன்றி சொல்வான். ஒவ்வொரு முறையும் சொல்வான்.

சொர்னித்சா அதைக் கவனித்துவிட்டாள். அவள் அவனைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண். பல் டாக்டரிடம் உதவியாளர். வசந்தகாலத்தில் அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு நாள் வாசல்படியில் ஆப்பிள் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள், தின்பதை நிறுத்தினாள்.

“மாமா, நீங்க லேட்டாப் பிடிச்சீங்க.”

“சரியான நேரத்துலதாம்மா பிடிச்சேன்.”

“இல்ல. அவன் உங்களப் பாத்தான். நீங்களும் அவனப் பாத்துக்கிட்டே நின்னீங்க.”

காமென் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளை அடக்கினான். “ஏய், அவரு இதுலயே ஊறினவரு. ஒனக்குப் பல்லு புடுங்கத் தெரியும். இதப் பத்தி என்ன தெரியும்?”

அன்றிலிருந்து நான் மேலே இருக்கும்போதெல்லாம் அவளும் அந்த அறையிலேயே இருந்தாள்.

மே மாதம் என் பெயர் நாள், அதாவது என் பெயருள்ள புனிதரின் திருநாள், வந்தது. பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாங்களாக வருவார்கள். அதனால் யாரும் வராவிட்டால் யாரையும் கேட்க முடியாது. நான் வருடா வருடம் மேசையில் தட்டு வைப்பேன். மறுநாள் எடுத்து வைப்பேன். இந்த வருடம் இருவரும் வந்தார்கள். பூவும் ஒரு பாட்டில் ராக்கியா சாராயமும் கொண்டுவந்தார்கள். காமென் என் மிளகாய்ப் பாட்டில் ஒன்றைத் தனியாகவே காலி செய்தான். “சுண்ணாம்பு போடாத மிளகாய் இன்னும் நல்லாயிருக்கு மாமா” என்றான். சொர்னித்சாகூடச் சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு மேசையைத் துடைக்காமல் அப்படியே விட்டுவைத்தேன். ரொட்டித் துணுக்குகள் மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் கிடந்தன. பார்க்க நன்றாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காமென் கீழே வந்தான். உள்ளே வந்து உட்காரவில்லை. அவள் காரில் காத்திருந்தாள்; திருமணத்துக்குத் துணி வாங்கப் போகிறார்கள்.

“மாமா, திங்கக்கிழமை புது ஸ்டாண்டு வருது. அன்னைக்குக் கடையில பாத்தோமே, கை வச்ச கூண்டு, அதேதான். சொர்னித்சா ஆர்டர் போட்டுட்டா. இனிமே நீங்க முட்டி வலியோட மேல ஏறி வந்து நிக்க வேண்டாம்.”

நல்லது என்றேன். கதவருகே நின்று இன்னும் ஏதோ சொன்னான். சரி சரி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

என் முட்டி வலியைப் பற்றி நான் அவனிடம் ஒருநாளும் புகார் செய்ததில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அமைதி நேரம். சொர்னித்சா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் படியில் இறங்குவதைப் பார்த்தேன். நான் காபி போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கட்டடம் முழுக்கத் தூக்கம். மேலே ஒரு சத்தம் கேட்டது. மிக மெல்லிய சத்தம். பிளேட்டோடு பிளேட் உரசுவது. வேறு யாருக்கும் அது தெரியாது. அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஒரு பக்கம் மாட்டினான், மறுபக்கம் மாட்டினான், லாக்கை இறுக்கினான்.

என்னைக் கூப்பிடவில்லை.

அமைதி நேரத்தில் கிழவனை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். கூண்டு வரும் முன்பே பழகிப் பார்ப்போம் என்றும் நினைத்திருக்கலாம். எப்படியோ, என் தலைக்கு மேல் அவன் தனியாகப் படுத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழாயில் தட்டு கேட்டது. குதிகால் தட்டு, மந்தமாக இருக்கும். முதலில் மெதுவாகத்தான் தட்டினான். அந்த நிலைமையிலும் பக்கத்து வீட்டார் தூக்கத்தை நினைத்திருக்கிறான், பாருங்கள். நல்ல பையன். பிறகு வேகமாகத் தட்டினான்.

உடனே கட்டடம் விழித்துக்கொண்டது. கீழே ஸ்தான்கா கரண்டியால் அடித்தாள். மேல் மாடியில் யாரோ சுத்தியல் போன்ற ஒன்றால் அடித்தார்கள். அமைதி நேரத்தில் எவனோ குழாயை உதைக்கிறான், அடக்க வேண்டும் என்று ஆளாளுக்கு அடித்தார்கள். அவன் உதைக்க உதைக்க அவர்கள் அடித்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அத்தனை வீட்டிலும் அது என்ன சத்தம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முதல் வாக்குமூலத்தில் நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். எல்லோரும் அதையே சொன்னார்கள், நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். பிறகு ஸ்தான்கா உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள். குழாயில் அவ்வளவு கூச்சலுக்கு நடுவே ஸ்பூனால் இரண்டு தட்டு கேட்டது, அதன் பிறகுதான் எல்லாம் அடங்கியது, செத்தவனை விடுங்கள், அந்த ஸ்பூன்காரனுக்காவது அபராதம் போடுங்கள் என்று. அவள் அப்படித்தான். விதி என்றால் விதி. வாசல் கதவில் காமெனின் படம் போட்ட இறப்பு அறிவிப்பைக் கோணலாக ஒட்டியவளும் அவளே. நாற்பதாம் நாள் அறிவிப்பை நான்தான் நேராக ஒட்டினேன்.

அந்த ஸ்பூன் என்னுடையது.

காபித் தட்டிலிருந்து அதை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டினேன். வருகிறேன் என்று. மேலே உதைப்பது உடனே நின்றது. நான் சொல்லிக் கொடுத்தபடி அசையாமல் கிடந்தான். தட்டு நின்றதும் மற்ற வீட்டாரும் நிறுத்திக்கொண்டார்கள். அமைதி நேரம் மறுபடி அமைதியாயிற்று.

நான் போகாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இந்தக் காபியைக் குடித்துவிட்டுப் போவோம், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். கூப்பிடாமல் ஆரம்பித்தான் அல்லவா. பிறகு காபி தீர்ந்தது. நான் எழவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, மேடம். அந்த நேரத்தில் என் வீடு வெறிச்சென்று இல்லை. மேலே ஒருவன் எனக்காகக் காத்திருந்தான். அவன் கண் கதவுப் பக்கமே இருந்திருக்கும். படியில் என் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பான். ஸ்வெத்தானா போன பிறகு எந்த மனிதரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. எழுந்து போனால் அது முடிந்துவிடும். திங்கட்கிழமை கூண்டு வந்துவிடும்.

நான்கு மணிக்கு அமைதி நேரம் முடிந்தது. யாரோ ஒரு வீட்டில் டி.வி. போட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போனேன்.

ராடு கழுத்தில் இருந்தது. தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். லாக்கைத் திருகிக் கழற்றி, பிளேட்களை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுத்து அடுக்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் ராடு கவிழும். அதன் பிறகு போன் செய்தேன். பிளேட்கள் ஏன் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தன என்று முதல் நாளே நீங்கள் கேட்டீர்கள். வேலை முடிந்தால் அடுக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவன் கண் திறந்திருந்தது. தலைமாட்டில் நின்று குனிந்து பார்த்தேன். அவனுக்கு நான் தலைகீழாகத் தெரிந்திருப்பேன்.

ஆகவே முதல் வாக்குமூலத்தை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள். மெத்தோதி ஆகிய நான் தூங்கவில்லை. தட்டியது கேட்டது. வருகிறேன் என்று பதில் தட்டினேன். அவன் என் சொல்லை நம்பிக் கிடப்பான் என்று தெரிந்தே தட்டினேன். போகவில்லை. அவனை நான்தான் கொன்றேன். சாமான்கள் எல்லாம் தரமானவை. அவற்றில் குறை எதுவும் இல்லை. அவனுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைத் தேவையில்லை என்று விலக்கியது அவன்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னும் ஒன்று கேட்கிறீர்கள். சனிக்கிழமை கதவருகே நின்று அவன் ஏதோ சொன்னான் என்றேனே, அது என்ன என்று. முக்கியமானதில்லை என்று விட்டுவிட்டேன். காதில் விழுந்தது, ஞாபகமும் இருக்கிறது. காரில் சொர்னித்சா ஹாரன் அடித்தாள், அவன் படிக்கட்டு ஜன்னல் வழியே கையால் பொறு என்று சைகை காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னான்:

“இனிமே நான் தட்டினாத்தான் வரணும்னு இல்ல மாமா. சாயங்காலம் ஆனா சும்மாவே வாங்க, சேந்து சாப்பிடலாம்.”